மூழ்கலும் கவிதலும் கொள்ளலும்

2006 டிசம்பரிலும் 2007 சனவரியிலும் ஜொகூர் மாநிலத்தைத் தாக்கிய பெருவெள்ளத்தில் கோத்தா திங்கி நகரம் இருமுறை நீரில் மூழ்கியது. மாநிலத்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு துறந்து வெளியேற நேர்ந்தது. இத்தகைய நிகழ்ச்சியைக் கூற ஆங்கிலத்துக்கு ‘ஓவர்வெல்ம்’ என்னும் ஒரு வினையே போதும். வெள்ளம் ஊரை மூடுவதும் அதுவே. கூட்டம் மிகுந்து துயர் துடைப்பு மையத்தினர் திணறுவதும் அதுவே. உதவி பெற்றவர் நாத்தழுதழுத்து நிற்பதும் அதுவே.

தமிழில் பெயர்ப்போர் இம்மூன்றுக்கும் ‘மூழ்கடி’ என்னும் ஒரே சொல்லை எடுத்தாளும்போதுதான் இடர் பிறக்கின்றது. ‘அவர் அன்பால் மூழ்கடிக்கப்பட்டார்’ என்னும் தொடரில் இலக்கணப் பிழை இல்லை, உயிர்தான் இல்லை. மூழ்கடித்தல் கொல்லும் தொழில். அன்பு அதனைச் செய்யுமா? ‘அன்பு மேலிட்டது’ என்பதே தமிழ். உணர்ச்சியை எழுவாயாக்கி, மனிதரை அது வந்து சேரும் இடமாக நிறுத்துவது நம் மொழியின் இயல்பு.

ஆங்கிலச் சொல்லின் பிறப்பையும் நோக்குதல் வேண்டும். அதன் உறுப்பாகிய ‘வெல்ம்’ இடைக்கால ஆங்கிலத்தில் கவிழ்த்தலைக் குறித்தது. தமிழில் கவிழ், கவி என்னும் வினைகள் ஒலியாலும் பொருளாலும் அணுக்கமானவை. இருள் கவியும், குடைக்குக் கவிகை என்று பெயர். மேலிருந்து இறங்கி மூடுவது கவிதல். உள்ளிருந்து பொங்கி எழுவது மேலிடுதல். துயரத்துக்கு இரண்டும் பொருந்தும்; எனினும் இரண்டும் ஒன்றல்ல. துயரம் மேலிட்டவர் அழுவார். துயரம் கவிந்தவர் பேச்சற்று அமர்ந்திருப்பார்.

இவற்றினும் நுட்பமானது ‘கொள்’. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட செய்தியை மணிமேகலை கூறும். அதே வினை ‘ஆட்கொள்ளல்’ என்னும் வடிவில் மாணிக்கவாசகரிடம் இறையருளைக் குறிக்கின்றது. ஊரை விழுங்கும் கடலுக்கும் அடியவரை ஏற்கும் இறைவனுக்கும் வினை ஒன்றே. ‘ஆள்’ என்னும் முன்சொல்லே இரண்டையும் பிரிக்கின்றது. ஆட்கொள்ளப்பட்டவர் அழிவதில்லை, உரியவராகின்றார். ‘அச்சம் ஆட்கொண்டது’ என்பது வழக்கேறிவிட்டது. இனி அதனை விலக்குதல் அரிது. ஆனால் ‘வெள்ளம் ஊரை ஆட்கொண்டது’ என எழுதும் மாணவரை ஆசிரியர் நிறுத்திக் கேட்கலாம்: வெள்ளம் எவரைத் தனக்கு உரியவராக ஏற்றது?

‘கடல் கொண்டது’ என்னும் மரபை வெள்ளத்துக்கு நீட்டுவதும் பொருந்தாது. கடல் கொண்ட ஊர் மீள்வதில்லை. கோத்தா திங்கியில் நீர் வடிந்தது. மக்கள் திரும்பிவந்து சேற்றைக் கழுவினர். அவ்வூர் மூழ்கியது, எழுந்தது.