பீட்ஸ் சோலோ 4: தொப்பியும் வலந்தலையும்

ஒரு ஹெட்போனின் லட்சணம் தெரிய வேண்டுமானால் மிருதங்கத் தனி ஆவர்த்தனம் போட்டுக் கேட்பேன். பீட்ஸ் சோலோ 4-லும் அதுதான் முதலில். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் கும்கி நாதம் இழைந்து இறங்குவது நிறைவாகவே கேட்டது. வலப்பக்கமான வலந்தலையில் விழும் சாப்பு அடியும் அதில் மூழ்கவில்லை. உண்மையில் இதை நான் எதிர்பார்க்கவில்லை.

ஏனென்றால், டாக்டர் டிரேயும் ஜிம்மி அயோவினும் தொடங்கிய இந்த பிராண்டின் பெயர் அப்படி. 2008-இல் வந்த முதல் பீட்ஸ் ஸ்டூடியோ 350 டாலர். பேஸ் ஏகத்துக்குத் தூக்கல். உள்ளே போடும் பேட்டரி தீர்ந்தால் பாட்டும் நின்றுவிடும். ஆனாலும் பாடகர்கள், விளையாட்டு வீரர்கள் கழுத்திலெல்லாம் அது தொங்கியது. 2014-இல் ஆப்பிள் 300 கோடி டாலர் கொடுத்து நிறுவனத்தையே வாங்கியது.

சோலோ 4 அந்தக் காலத்தைத் தாண்டி வந்துவிட்டது. கேள்வி விலைதான். அமெரிக்காவில் 200 டாலருக்கு வந்த இதன் பக்கத்தில், அதில் பாதி விலைக்குக் கிடைக்கும் சோனி எம்டிஆர்-7506-ஐ வைத்துக் கேட்டேன். 1991 முதல் ஒலிப்பதிவுக் கூடங்களில் உழைத்துவரும் மாடல் அது. விளம்பரத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். இரண்டிலும் ஒலி அளவைச் சமமாக வைத்துவிட்டுத்தான் கேட்க வேண்டும். கொஞ்சம் சத்தமாக ஒலிப்பதையே நல்ல ஒலி என்று காது நம்பிவிடும். கடையில் பலரும் ஏமாறுவது இங்கேதான்.

சோனியில் தம்புராவின் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாக எழுந்தது. சாப்பு விழும்போது விரல் தோலில் படும் அந்தக் கூர்மையான தொடக்கமும் கேட்டது. சோலோ 4-இல் அதே இடம் சற்று மழுங்கல். தம்புரா பின்னால் போய்விடுகிறது. ஆனால் சோனியில் உயர் அதிர்வெண்களின் கூர்மை அதிகம். நெடுநேரம் கேட்டால் காது களைக்கும்.

283 ஹெட்போன்களை அளந்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வு, விலைக்கும் அதிர்வெண் சமநிலைக்கும் தொடர்பே இல்லை என்றது. என் காதும் அதையே சொல்கிறது. சோலோ 4-க்குக் கொடுக்கும் கூடுதல் பணம் ப்ளூடூத்துக்கும், 50 மணி நேரம் தாங்கும் பேட்டரிக்கும், பீட்ஸின் அந்த 'பி' எழுத்துச் சின்னத்துக்கும். இரைச்சலைக் குறைக்கும் வசதி இந்த விலைக்கும் கிடையாது. பேருந்தில் போகவர ஒயர் தொல்லை வேண்டாம் என்பவர்கள் தாராளமாக வாங்கலாம். வீட்டில் உட்கார்ந்து கச்சேரி கேட்பவர்கள் சோனியை வாங்கிக்கொண்டு, மிச்சப் பணத்தில் சபா டிக்கெட் எடுக்கலாம்.