கொட்டை வெடிக்கும் சத்தம் கேட்கிறதா?

ஆம்பூரில் காப்பிக்கொட்டை வறுக்க உட்காருகிறவர் அடுப்பைப் பற்றவைக்கும் முன் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க வேண்டும். துத்திப்பட்டுப் பக்கமிருந்து தோல் பதனிடும் டேனரிகளின் வாடை ஏறி வருகிற நாளில் அந்த வேலையை ஒத்திப்போடுவதே நல்லது. வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைக்காரர்களுக்கும் இதே பேச்சுதான். வறுப்பதில் பாதி வேலை மூக்குக்கு. வைக்கோல் மணம் ரொட்டி மணமாக மாறும் இடத்தைத் தவறவிட்டால் மீதிக்கு வெறும் கடிகாரத்தை நம்ப வேண்டியிருக்கும். விடியற்காலை, மொட்டை மாடி, கிளறிய கொட்டையை ஆற வைக்க ஒரு மின்விசிறி: நம் ஊர் வெயிலுக்கு இந்த ஏற்பாடுதான் ஒத்துவரும். சித்திரை மாதத்து மத்தியானத்தில் மாடியில் எதுவுமே ஆறாது.

வீட்டில் வறுப்பது புது மோகம் ஒன்றும் இல்லை. வசதியுள்ள தமிழ் வீடுகளில் பச்சைக்கொட்டை வாங்கி, கும்முட்டி அடுப்பில் கைப்பிடி வைத்த இரும்பு உருளையைச் சுற்றி வறுத்து, கை மெஷினில் அரைத்துக் குடித்திருக்கிறார்கள். பிறகு தெருமுனைக் கடையிலேயே வறுத்து அரைத்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள். உருளை பரணுக்குப் போனது. சட்டமும் ஒரு பக்கம் குறுக்கே நின்றது. 1942-ஆம் ஆண்டுக் காப்பிச் சட்டத்துக்குப் பிறகு எஸ்டேட்காரர் விளைந்த கொட்டையைக் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் சேர்க்க வேண்டியிருந்தது. தானாக விற்க முடியவில்லை. தொண்ணூறுகளில் இந்தப் பிடி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து, 1996-இல் முழுவதும் விலகியது. இன்று சிக்மகளூர், குடகுத் தோட்டக்காரர்களிடமே ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று பச்சைக்கொட்டை தருவிக்க முடிகிறது என்றால் அதனால்தான். நமக்கு ஏற்காடும் தூரமில்லை. ஜோலார்பேட்டையில் ரயில் மாறினால் சேலம், அங்கிருந்து மலைப்பாதை. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் நட்டுத் தொடங்கிய காப்பி அங்கே இன்னும் மிளகுக்கொடியோடு நிழலில் நிற்கிறது.

பச்சைக்கொட்டை கேட்கும்போது ‘நல்லதாகப் பார்த்துக் கொடுங்கள்’ என்று கேட்காதீர்கள். பெயர் சொல்லிக் கேளுங்கள். பழத்தின் சதையை நீக்கி, கழுவிக் காயவைத்த அராபிகாதான் பிளான்டேஷன். அதில் பெரிய கொட்டை ‘ஏ’. பழத்தோடு காயவைத்தது செர்ரி. ஒரு பழத்தில் இரண்டு கொட்டைக்குப் பதிலாக ஒன்றே உருண்டு திரண்டிருந்தால் அது பீபரி. விளைச்சலில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரைதான் கிடைக்கும். பீபரியின் ருசி பற்றிக் கடைக்காரர்கள் சொல்லும் பெருமையை நான் பாதிதான் நம்புகிறேன். ஆனால் புதிதாக வறுக்கிறவருக்கு அதுவே தோது. தட்டையான முகம் இல்லாததால் வாணலியில் உருண்டுகொண்டே இருக்கும், ஒரு பக்கம் மட்டும் தீயாது. ரோபஸ்டாவில் காஃபீன் அராபிகாவைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ‘ஸ்ட்ராங்காக வேண்டும்’ என்று கருகக் கருக வறுப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்: கருக்கினால் கசப்புதான் கூடும், காஃபீன் கூடாது.

இனி வறுவல். கனமான இரும்பு வாணலியில் 150 கிராம் போதும். வாணலி சூடேறியபின் கொட்டையைப் போட்டுக் கை ஓயாமல் கிளற வேண்டும். முதல் சில நிமிடம் எதுவும் நடக்காதது போலிருக்கும். உள்ளே இருக்கும் பத்துப் பன்னிரண்டு சதவீத ஈரம் வெளியேறிக்கொண்டிருக்கிறது. ஈர வைக்கோல் வாடை வரும். கொட்டையின் சூடு 150 டிகிரியை ஒட்டும்போது பச்சை போய் மஞ்சள் தட்டும், வாடை மெல்ல ரொட்டி சுடும் மணமாகும். இங்கிருந்து தீயைக் கூட்டுவதா குறைப்பதா என்பதில்தான் வறுப்பவரின் கை தெரியும். அவசரப்பட்டால் மேல் கருத்து உள்ளே பச்சையாக நிற்கும். பயந்து சிறுதீயில் இருபது நிமிடம் இழுத்தால் மணமெல்லாம் வெளியேறி, சப்பென்று ஒரு காப்பி கிடைக்கும். மஞ்சள் தாண்டிப் பழுப்பு ஏறுகையில் தவிடு போன்ற மெல்லிய தோல் பறக்கத் தொடங்கும்.

அப்புறம் ஒரு ‘பட்’. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பிறகு படபடவென்று வரிசையாக. கொட்டைக்குள் அடைபட்ட நீராவி அதன் சுவரைப் பிளந்துகொண்டு வருகிற சத்தம் இது. சூடு 200 டிகிரிக்கு முன்பின் இருக்கும். இதுதான் முதல் வெடிப்பு. கொட்டை பருத்து, நடுக்கோடு விரிந்து, காப்பி என்ற பெயருக்குத் தகுதியாவது இங்கேதான். வாணலியில் எட்டு முதல் பத்து நிமிடத்துக்குள் இது வந்தால் தீ சரி. வெடிப்பு ஓய்ந்ததும் சற்று நேரம் அமைதி. விடாமல் சூடேற்றினால் 225 டிகிரியை ஒட்டி இரண்டாவது சத்தம் கேட்கும். இது ‘பட்’ இல்லை. ‘சிடுசிடு’ என்று மெலிதாக, நெருக்கமாக வரும். புகை நீலமாகும். இதற்கு மேல் போனால் கொட்டையின் மேல் எண்ணெய் கசியும், தோட்டத்தின் ருசி போய் அடுப்பின் ருசி மட்டும் மிஞ்சும்.

இந்த இரண்டு சத்தங்களுக்கு நடுவே எங்கே நிறுத்துவது என்பதுதான் வறுவலின் ரசனை. பால் விடாமல் குடிப்பவர் முதல் வெடிப்பு தொடங்கி ஒன்றரை, இரண்டு நிமிடத்தில் இறக்கலாம். எலுமிச்சைச் சாயலில் ஒரு புளிப்பும் இனிப்பும் நிற்கும். அதே வறுவலில் டிகாஷன் இறக்கிப் பால் ஊற்றினால் நீர்த்துப் போன மாதிரி இருக்கும், புளிப்பு பாலோடு சண்டை போடும். பில்டர் காப்பிக்கு முதல் வெடிப்பு முழுக்க ஓய்ந்து, இரண்டாவதின் வாசலில் ஓரிரு ‘சிடு’ கேட்டதும் இறக்க வேண்டும்.

நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். தோல் பதனிடும் இடத்தில் பட்டைச்சாறு நடுவரை ஏறியதா என்று தெரிந்துகொள்ளத் தடிமனான ஓரத்தில் ஒரு கீற்று வெட்டி, வெட்டுவாயைப் பார்ப்பார்கள். நடுவில் வெளிறிய கோடு தெரிந்தால் இன்னும் ஊற வேண்டும். ஆறிய கொட்டை ஒன்றையும் அப்படியே குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெளியிலும் உள்ளேயும் ஒரே நிறமாக இருந்தால், அல்லது உள்ளே ஒரு சாயல் மட்டும் வெளுத்திருந்தால் வறுவல் தேறியது. மேலே சாக்லேட், நடுவில் வைக்கோல் நிறம் என்றால் தீ அதிகம்.

சாமான் வாங்கும் பேச்சுக்கு வருவோம். முதல் நாளே மெஷின் வாங்காதீர்கள் என்பேன். இரும்பு வாணலி சத்தத்தையும் மணத்தையும் மறைக்காது. கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பாத்திரம் இல்லை. நான்ஸ்டிக் மட்டும் வேண்டாம். காலிப் பாத்திரத்தை அவ்வளவு சூடேற்றினால் அந்தப் பூச்சு தாங்காது. கை பழகியபின் கைப்பிடி உருளைக்குப் போகலாம். டிரம் எதற்குச் சுற்றுகிறது என்று டேனரிகள் நிறைந்த இந்த வட்டாரத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. உள்ளே கொட்டையைப் புரட்டிவிடும் தகடுகள் இருக்கின்றனவா, போகிற போக்கில் ஒரு கொட்டையை எடுத்துப் பார்க்க வழி இருக்கிறதா, திறந்தவுடன் மொத்தமும் ஒரே வீச்சில் கொட்டுகிறதா என்று கடையிலேயே சோதியுங்கள். கொட்ட அரை நிமிடம் எடுக்கும் உருளையில் கடைசியாக விழும் கொட்டை வேறு வறுவலாகிவிடும்.

சூடான காற்றில் பொரிக்கும் பாப்கார்ன் மெஷினில் வறுப்பவர்கள் உலகமெங்கும் உண்டு. 80 கிராமை ஆறேழு நிமிடத்தில் சீராக வறுக்கும், தோலையும் ஊதித் தள்ளிவிடும். காற்று பக்கவாட்டுத் துளைகளில் வந்து கொட்டையைச் சுழற்றுகிற வகையைப் பாருங்கள். அடியில் வலை வைத்ததில் தோல் விழுந்து தீப்பிடிக்கலாம். வெளிநாட்டு மின்சார வறுப்பான்களில் பிரெஷ்ரோஸ்ட், பெஹ்மோர், கொரியாவின் ஜீன் கஃபே ஆகியவை பேர்பெற்றவை. வாங்குமுன் பெட்டியில் எத்தனை வோல்ட் என்று படியுங்கள். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் 120 வோல்ட் மெஷினை நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் கதை முடிந்தது. 1,500 வாட்ஸ் மெஷின் ஆறரை ஆம்பியர் இழுக்கும். அதற்கு ஹீட்டர் போடுகிற 15 ஆம்பியர் சாக்கெட் வேண்டும், இன்வெர்ட்டரை நம்பக் கூடாது. வோல்டேஜ் இறங்கும் சாயங்கால வேளையில் அதே மெஷின் வேறு காப்பி வறுக்கும். நடுவில் கரண்ட் போனால் யோசிக்காமல் கொட்டையை வெளியே கொட்டிவிடுங்கள். அதன் சூடே அதை மேலும் கருக்கும்.

இவ்வளவு செலவு பேசினாலும் என் வரிசையில் முதலில் வருவது வறுப்பான் இல்லை, அரைக்கும் மெஷின். வட்டத் தகடுகள் உரசி அரைக்கும் கை மெஷின் கிடைத்தால் அதற்கே காசைப் போடுங்கள். மிக்ஸி ஒரு பக்கம் மாவும் ஒரு பக்கம் ரவையுமாக்கும். மாவு பில்டர் துளையை அடைக்கும். அடுத்து ஒரு தராசு. 100 கிராம் பச்சைக்கொட்டை 85 கிராமாக வந்தால் நடுத்தர வறுவல், 80 ஆனால் கருக்கிவிட்டீர்கள். அப்புறம் இரண்டு பெரிய சல்லடை. இறக்கிய கொட்டையை மின்விசிறிக்கு முன்னால் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றிக்கொண்டே இருந்தால் நாலைந்து நிமிடத்தில் ஆறிவிடும், தோலும் பறந்துவிடும். முறத்தில் புடைக்கத் தெரிந்த பாட்டி வீட்டில் இருந்தால் சல்லடைகூட வேண்டாம்.

வறுத்த அன்றே அரைத்துக் குடிக்கும் சுகத்தைப் பற்றி நிறையப் பேர் உருகுகிறார்கள். மணம் என்னவோ அன்றைக்குத்தான் தூக்கும். ஆனால் புது வறுவலுக்குள் கரியமில வாயு நிறைந்திருக்கும். வெந்நீர் ஊற்றினால் தூள் பொங்கி எழும்பும், டிகாஷன் ஒழுங்காக இறங்காது. இரண்டு நாள், மூன்று நாள் மூடியைத் தளர்த்தி வைத்துவிட்டு அரையுங்கள். கொட்டையாக வைத்தால் இரண்டு மூன்று வாரம் குறையில்லாமல் இருக்கும். தூளாக்கியபின் நாள் கணக்குதான்.

ருசி பார்க்கும்போது சிக்கரியைத் தள்ளி வையுங்கள். எனக்குச் சிக்கரிமேல் பகையில்லை. நூற்றுக்கு இருபது சேர்த்த டிகாஷனின் கெட்டி எனக்கும் பிடிக்கும். ஆனால் சிக்கரியும் கருக வறுத்த வேர்தானே, இரண்டு வறுவலுக்கு உள்ள வித்தியாசத்தை அது மூடிவிடும். ஒரே மூட்டைக் கொட்டையை மூன்று விதமாக வறுங்கள்: முதல் வெடிப்பு முடியும் முன் ஒன்று, முடிந்து ஒரு நிமிடத்தில் ஒன்று, இரண்டாவதின் முதல் சிடுசிடுப்பில் ஒன்று. மூன்றாம் நாள் ஒரே அளவு தூள், ஒரே அளவு நீரில் டிகாஷன் இறக்குங்கள். டம்ளர்களின் அடியில் 1, 2, 3 என்று சீட்டு ஒட்டி, எது எது என்று சொல்லாமல் வீட்டில் நாலு பேருக்கு முன்னால் வையுங்கள். முதலில் வெறும் டிகாஷனில் ஒரு வாய். பிறகு பால். பிறகு சர்க்கரை. சூடாக இருக்கும்போது மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும், வெதுவெதுப்பாகும் வரை பொறுங்கள். புளிப்பும் கருகலும் அப்போதுதான் வெளியே வரும். எந்த டம்ளர் முதலில் காலியாகிறதோ, அடுத்த வறுவலை அங்கிருந்து தொடங்குங்கள்.