ஜியோமெட்ரி வார்ஸ்: கண்ணைப் பறிக்கும், கண்ணை மறைக்கும்

"அப்பா, இப்ப நான் எதுல மோதினேன்?"

ஜியோமெட்ரி வார்ஸ்: ரெட்ரோ எவால்வ்ட் ஆடிக்கொண்டிருந்த என் மகள் கேட்ட கேள்வி. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், எனக்கும் தெரியவில்லை. நாலாவது தடவையும் அதே கதை நடந்ததும் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். பல வருஷமாக எனக்குப் பிடித்த கேம் இது. அவள் கேள்விக்கு ஏன் என்னால் பதில் சொல்ல முடியவில்லை என்று யோசித்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் கொஞ்சம் வரலாறு. ட்வின் ஸ்டிக் ஷூட்டர் என்பது இடது குச்சியால் நகர்ந்து, வலது குச்சியால் எந்தத் திசையிலும் சுடுகிற வகை. இதை எல்லோருக்கும் தெரிய வைத்தது 1982ல் வில்லியம்ஸ் வெளியிட்ட ரோபோட்ரான்: 2084. செய்தவர்கள் யூஜின் ஜார்விஸும் லாரி டிமாரும். அந்தச் சமயத்தில் ஜார்விஸுக்கு ஒரு விபத்தில் கையில் அடிபட்டிருந்தது. பட்டனை அழுத்திச் சுடுவது சிரமமாக இருந்ததால் சுடுவதற்கும் ஒரு ஜாய்ஸ்டிக் வைத்தார்கள். ஓடுகிற திசை வேறு, சுடுகிற திசை வேறு என்று ஆனது. இந்த வகையின் மொத்த சுகமும் அதில்தான் இருக்கிறது.

ஜியோமெட்ரி வார்ஸ் வந்தது அதற்கு ரொம்ப காலம் கழித்து. லிவர்பூலில் இருந்த பிசார் கிரியேஷன்ஸ் 2003ல் வெளியிட்ட ப்ராஜெக்ட் காதம் ரேசிங் 2 என்ற கார் கேமில், கராஜுக்குள் ஒரு மூலையில் ஆர்கேட் பெட்டியாக இது ஒளிந்திருந்தது. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரைச் சோதித்துப் பார்க்க ஸ்டீபன் கேக்பிரெட் எழுதிய சின்ன நிரல். 2005 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360 வந்தபோது ரெட்ரோ எவால்வ்ட் என்ற பெயரில் தனி கேமாக வந்தது. 2007ல் கணினிக்கும் வந்தது. நான் ஆடியது அதைத்தான்.

ஒரு கறுப்புச் செவ்வகம், அதில் ஒளிரும் கோடுகளால் ஒரு கட்டம், நடுவில் நீங்கள். நீல டைமண்ட் நேராகத் துரத்தி வரும். பச்சைச் சதுரம் உங்கள் குண்டைக் கண்டால் விலகும். ஊதாக் காற்றாடி தன் பாட்டுக்குச் சுற்றும். இளஞ்சிவப்புச் சதுரத்தைச் சுட்டால் குட்டிகளாக உடையும். கருந்துளை எல்லாவற்றையும் தன் பக்கம் இழுக்கும், உங்கள் குண்டுகூட அதைத் தாண்டும்போது வளைந்து போகும். ஒவ்வொரு எதிரியும் ஒரே ஒரு விதிதான். நிறமும் வடிவமும் அந்த விதியைச் சொல்லிவிடும். போதாததற்கு, ஒவ்வொன்றும் தோன்றும்போது தனித்தனிச் சத்தம். ஹெட்போன் போட்டு ஆடினால், பார்ப்பதற்கு முன்னாலேயே என்ன வந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அழகில் முதலிடம் அந்தக் கட்டத்துக்குத்தான். சுட்டால் அதிரும், கருந்துளை இருக்கும் இடத்தில் உள்வாங்கும். புள்ளிகளை ஸ்பிரிங்கால் கோத்த மாதிரி நடந்துகொள்ளும். எங்கள் பக்கம் மண்டபம், பாம்பன் கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஓரிடத்தில் மீன் துள்ளினால் சுற்றியிருக்கிற கண்ணிகளும் சேர்ந்து அசையும், எங்கே என்று பார்க்கிறவனுக்குத் தெரிந்துவிடும். இந்தக் கட்டமும் அப்படி சேதி சொல்கிறது. வெறும் அலங்காரம் இல்லை.

இது வரைக்கும் எனக்குக் குறையே கிடையாது. சிக்கல் வெடிப்புகளில்தான்.

ஒவ்வொரு எதிரி சாகும்போதும் வண்ணப் பொறிகள் தெறிக்கும். முதல் இரண்டு நிமிஷம் தீபாவளி. அதற்குப் பிறகு திரையில் ஐம்பது, அறுபது உருவங்கள், நூற்றுக்கணக்கில் பொறிகள். எது உயிருள்ளது, எது செத்ததின் மிச்சம் என்று பிரிக்க முடியாது. எல்லாமே ஒரே மாதிரி ஒளிரும் கோடுதான். நிறத்தை வைத்து விதியைச் சொல்லிக் கொடுத்த கேம், அதே நிறத்தை வாரி இறைத்து அந்தப் பாடத்தை அழிக்கிறது. நாம் எவ்வளவு நன்றாகச் சுடுகிறோமோ அவ்வளவு நமக்குக் கண் மறைகிறது.

அதைவிட மோசம் சாவு. மோதின நொடியில் எல்லாமே வெடித்துத் திரை காலியாகிவிடும். நிரல் எழுதுகிறவனாகச் சொல்கிறேன்: ப்ரோக்ராம் க்ராஷ் ஆனதும் லாக் ஃபைலையும் சேர்த்து அழித்துவிட்டால் பிழையை எங்கே போய்த் தேடுவது? பெருக்கல் எண்ணும் பழையபடி ஒன்றுக்கே இறங்கிவிடும். தண்டனை உண்டு, காரணம் கிடையாது. "கஷ்டமான கேம், அப்படித்தான் இருக்கும்" என்று சிலர் சொல்வார்கள். ரோபோட்ரானும் கஷ்டம்தான், ஆரம்பித்த நொடியே சுற்றி வளைப்பார்கள். ஆனால் அதில் எதனிடம் செத்தேன் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். கஷ்டம் வேறு, குழப்பம் வேறு.

இதைச் செய்தவர்களுக்கே இது உள்ளூரத் தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு சந்தேகம். ரெட்ரோ எவால்வ்டில் பாசிஃபிசம் என்று ஒரு சாதனை உண்டு: ஒரு குண்டுகூடச் சுடாமல் 60 விநாடி உயிரோடு இருக்க வேண்டும். செய்து பாருங்கள். பொறி இல்லை, தெறிப்பு இல்லை. யார் எங்கே வருகிறார்கள் என்று துல்லியமாகத் தெரியும். நீல டைமண்டுகளைக் கூட்டமாகப் பின்னால் இழுத்துக்கொண்டு வட்டமடிக்கும்போதுதான், இது சுடுகிற கேமே இல்லை, நகர்கிற கேம் என்று உறைக்கும். 2008ல் வந்த இரண்டாம் பாகத்தில் இதைத் தனி ஆட்டமாகவே வைத்தார்கள். துப்பாக்கி கிடையாது. வாசல்களுக்கு நடுவே புகுந்து போனால் அவை வெடித்து அக்கம்பக்கத்து எதிரிகள் சாவார்கள். வாசலின் முனையில் இடித்தால் நாம் சாவோம். தப்பு நடந்தால் அது நம் தப்பு என்று நமக்கே தெரியும்.

2011ல் பிசார் கிரியேஷன்ஸை அதன் உரிமையாளர் ஆக்டிவிஷன் மூடிவிட்டது. 2014ல் லூசிட் கேம்ஸ் செய்த மூன்றாம் பாகம் டைமென்ஷன்ஸ், கட்டத்தை உருண்டை, கனசதுரம் மேலெல்லாம் சுற்றியது. பார்க்க இன்னும் பிரமாதம். ஆனால் எதிரி பின்பக்கத்தில் இருந்தும் வரலாம், அடுத்த பாஸிடம் போக நட்சத்திரம் வேறு சேர்க்க வேண்டும். அழகும் கூடியது, எரிச்சலும் கூடியது. நல்லவேளை, பாசிஃபிசத்தை அதிலும் விட்டு வைத்திருக்கிறார்கள்.

போன வாரம் மகளைக் கூப்பிட்டு அதை மட்டும் ஆடச் சொன்னேன். அரை நிமிஷத்தில் செத்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: "வாசல் முனைல இடிச்சுட்டேன்பா. இன்னொரு தடவை." கன்ட்ரோலரை அவள் கீழே வைக்கவில்லை.