சம்பங்கோரையில் ஏறி வந்த தட்டான்

விடியறதுக்கு முன்னாடி அஞ்சு மணி. பல்லுகூட விளக்காம கொல்லைக் குளத்தோரம் மண்டி போட்டு உட்கார்ந்திருக்கேன். தண்ணிக்கு மேலே ஒரு சாண் உயரத்துல, சம்பங்கோரைத் தண்டைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஒரு பூச்சி தன் தோலைப் பிளந்துக்கிட்டு வெளியே வருது. தட்டான்! என் குளத்துல பொறந்து வளர்ந்த தட்டான்!

நினைச்சுப் பாருங்க, முதுகு பிளக்குது, தலை வருது, கால் ஆறும் வருது, அப்புறம் மல்லாந்து தலைகீழாத் தொங்கிக்கிட்டு அசைவே இல்ல, ஐயோ செத்துப்போச்சோன்னு எனக்கு வயித்தைக் கலக்குது, சட்டுனு ஒரு எக்கு எக்கித் தன் பழைய கூட்டையே பிடிச்சுக்கிட்டு வாலை உருவிடுச்சு, ஈரத்துணியாக் கசங்கிக் கிடந்த சிறகு நீண்டு, விரிஞ்சு, கண்ணாடியா மின்னி, கிழக்கு வெளுக்கையில ஒரு நடுக்கம் நடுங்கி, பறந்தே போயிடுச்சுங்க! நான் போட்ட கூச்சல்ல பாம்போன்னு வீடே கம்போட ஓடி வந்துச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி.

தண்ணிக்குள்ள கொசுப்புழுவைத் தின்னு வளர்ந்த அந்தப் பூச்சிக்கு, மேலே ஏறி வர ஒரு தண்டு வேணும். அவ்வளவுதான் கேட்டுது. அன்னிக்குப் புரிஞ்சுது, கரைக்குச் செடி வைக்கிறதுங்கறது விருந்தாளிக்கு வாசல் வைக்கிற வேலைன்னு.

8 அடிக்கு 6 அடி, 2 அடி ஆழம், என் குளம் அவ்வளவே. ஒரு பக்கம் சரிவா இறக்கி, பொடுதலையும் வல்லாரையும் பாய் விரிச்ச மாதிரி படரவிட்டேன். வால் மறைஞ்சு கரையேறுற சுண்டுவிரல் நகமளவு தவளைக்குட்டிக்கு வெயில் சுடாம ஒளிய இடம் வேணுமே! கண்மாய்க்கரையில முள்ளுன்னு ஒதுக்கற நீர்முள்ளியை நான் ஆசையா வச்சேன், ஏன்னா சிறகுல மயிற்கண் போட்ட மயில் வசீகரன் வண்ணத்துப்பூச்சி அதுல முட்டையிடும், புழு அதையே தின்னு வளரும். கொஞ்சம் தள்ளி, காய்ஞ்ச மேட்டுல எருக்கு, அது வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சிக்கு. தண்ணியில அல்லி. அதன் காம்பைத் துளைச்சு ஊசித்தட்டான் ஜோடியா வந்து முட்டை வைக்குது பாருங்க, அந்த நேரம் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டா எனக்குக் காதே கேட்கறதில்ல!

நர்சரியில ஆகாயத்தாமரையைக் கையில திணிச்சாங்க. ஊதாப்பூ அழகுதான். ஆனா தென் அமெரிக்காவுல இருந்து வந்து நம்ம ஏரிகளை மூடினது அது, வேண்டவே வேண்டாம். சம்பங்கோரையும் பரவத்தான் செய்யும், சிமெண்டுத் தொட்டியில வச்சு அப்படியே இறக்கிட்டா அடங்கிடும்.

நேத்து எண்ணினேன், தண்டுகள்ல ஏழு காலிக் கூடு ஒட்டிக்கிட்டிருக்கு. ஒண்ணையும் எடுக்க மனசு வரலை. மேற்கு ஓரம் இன்னும் வெறுமையா இருக்கு. வசம்புக் கிழங்கு வாங்கி வச்சாச்சு, மண்வெட்டியோட மழைக்குக் காத்துக்கிட்டிருக்கேன்!