குற்றம் சுமத்தாமல் பிரிய முடியுமா? இலங்கையிலும் இந்தியாவிலும் விவாகரத்து

சண்டை ஓய்ந்து, வீடு வேறாகி ஓராண்டுக்கு மேலாகிறது. இனிச் சேர்ந்து வாழ முடியாது என்பதில் இருவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. பிள்ளை யாரிடம் வளர்வது என்பதையும் பெரியவர்களை வைத்துப் பேசி முடித்தாயிற்று. இப்படியொரு இந்துத் தம்பதி மதுரையில் இருந்தால், ஒரே மனுவில் இருவரும் கையெழுத்திட்டுக் குடும்ப நல நீதிமன்றத்துக்குப் போகலாம். யாழ்ப்பாணத்தில் இருந்தால் அது முடியாது. ஒருவர் வழக்காளியாகவும் மற்றவர் எதிராளியாகவும் நின்று, எதிராளி குற்றம் செய்தார் என்று மாவட்ட நீதிமன்றத்தில் நிரூபித்தாக வேண்டும்.

இரண்டு நாட்டுக் குடும்பச் சட்டங்களையும் பிரிக்கும் முதன்மையான கோடு இதுதான். சட்டத்தரணியிடமோ வழக்கறிஞரிடமோ போகிறவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியதும் இதுவே. வழக்கின் செலவு, காலம், அது மனத்தில் விடும் காயம் எல்லாம் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

இலங்கை: மூன்றே காரணங்கள்

இலங்கையில் பொதுச்சட்டப்படி மணம் முடித்தவர்களை ஆள்வது 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம். தமிழர்களில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் இதற்குள்தான் வருகிறார்கள். அது விவாகரத்துக்கு ஒப்புக்கொள்ளும் காரணங்கள் மூன்று: திருமணத்துக்குப் பின்னரான சோரம், தீய எண்ணத்துடன் கைவிட்டுச் செல்லுதல், திருமண வேளையிலேயே இருந்த தீராத ஆண்மைக்குறைவு. அடியும் வசையும் தனிக் காரணங்களாக அந்தப் பட்டியலில் இல்லை.

அப்படியானால் அடிபட்டு வீட்டைவிட்டு வந்த பெண் என்ன செய்வாள்? நீதிமன்றங்கள் ஒரு வழியை ஏற்றுக்கொண்டிருக்கின்றன. ஒருவருடைய நடத்தை மற்றவரை வெளியேறும்படி செய்திருந்தால், வெளியே போனவர் கைவிட்டவர் ஆகமாட்டார்; போக வைத்தவரே கைவிட்டவர். ஆகவே, 'வீட்டை விட்டு வந்தது நான்தானே, வழக்கு எனக்குப் பாதகமாகுமோ' என்று அஞ்சி யாரும் சட்டத்தரணியிடம் எதையும் மறைக்கத் தேவையில்லை. எப்போது, எதனால், எந்த நிலையில் வெளியேறினீர்கள் என்பதுதான் அங்கே வழக்கின் உயிர். பொலிஸ் முறைப்பாடு, வைத்தியசாலைக் குறிப்பு, 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றம் கொடுத்த பாதுகாப்புக் கட்டளை ஆகியவை அதற்குச் சான்றாகும்.

நீண்ட காலம் பிரிந்திருப்பதே போதாதா என்ற கேள்வி இலங்கையின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஏழாண்டு பிரிந்திருந்தால் விவாகரத்துக் கோரலாம் என்று குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 608ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் 1986இல் தென்னக்கோன் எதிர் சோமாவதி பெரேரா வழக்கில், அப்போதும் திருமணக் குற்றம் ஒன்றை நிறுவியாக வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. ஏழாண்டும் வீணாகி, மீண்டும் குற்றத்தைத் தேட வேண்டிய நிலை.

மனமொத்துப் பிரிய நினைப்போர் நிலைமைதான் மிகக் கொடியது. இருவரும் கூடிப் பேசி நடத்தும் வழக்கு என்று தெரியவந்தால் அதை நீதிமன்றம் தள்ளிவிட வேண்டும் என்றும் அதே கோவை விதிக்கிறது. ஆகவே உடன்பாட்டை உரக்கச் சொல்ல முடியாது. ஒருவர் பழியை ஏற்று எதிர்வாதம் செய்யாமல் ஒதுங்குகிறார். மற்றவர் சாட்சிக்கூண்டில் ஏறி, 'என்னைக் கைவிட்டார்' என்கிறார். கண்ணியமாகப் பிரிய விரும்பிய இருவரையும் சட்டம் இப்படி நடத்துவது நியாயமல்ல. அதே தீவில், கண்டியச் சிங்களவருக்கான கண்டிய விவாகச் சட்டத்தின்படி மணந்தவர்கள் 1952ஆம் ஆண்டின் சட்டத்தால் பரஸ்பர சம்மதத்தின் பேரில், நீதிமன்றம் ஏறாமல் மாவட்டப் பதிவாளரிடமே பிரியலாம் என்பதைப் பார்த்தால் அநீதி இன்னும் துலக்கமாகும். ஒருவருக்குப் பொருந்தும் சம்மதம் அடுத்தவருக்கு ஏன் பொருந்தாது?

வழக்கில் வென்றாலும் உடனே விடுதலை இல்லை. முதலில் 'டிக்றி நைசை' எனப்படும் இடைக்காலத் தீர்ப்பாணை கிடைக்கும். மூன்று மாதம் கழித்து அது முடிவானதாக ஆக்கப்பட்ட பின்னரே மறுமணம் செய்யலாம்.

இந்தியா: சம்மதம் உண்டு, ஆனால் இருவரும் வேண்டும்

1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தில் காரணங்களின் பட்டியல் நீளமானது. கொடுமை, இரண்டாண்டு கைவிடல், பிறன்மனை உறவு, மதமாற்றம் முதலியவை அதில் உண்டு. மனரீதியான கொடுமையும் கொடுமையே என்பதை 2007இல் சமர் கோஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டுகளோடு விளக்கியது. 1976ஆம் ஆண்டுத் திருத்தம் 13பி பிரிவைச் சேர்த்தது. ஓராண்டு பிரிந்து வாழ்ந்தவர்கள் கூட்டாக மனுப் போடலாம். ஆறு மாதத்துக்குப் பின், பதினெட்டு மாதத்துக்குள் மறுபடி வந்து சம்மதத்தை உறுதி செய்தால் விவாகரத்து. அந்த ஆறு மாதம் கட்டாயமல்ல, தகுந்த வழக்கில் நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017இல் அமர்தீப் சிங் வழக்கில் தீர்ப்பானது. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் சட்டம் வேறு. சுயமரியாதைத் திருமணங்கள் 1967ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தத்தால் இந்துத் திருமணச் சட்டத்துக்குள்ளேயே அடங்கும்.

இங்கே ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. இறுதி உறுதிமொழி வரை சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பது 1991இல் சுரேஷ்டா தேவி வழக்கில் வந்த தீர்ப்பு. அதனால் இழப்பீட்டுத் தொகை முழுவதையும் முதல் நாளே கொடுத்துவிட்டு ஏமாந்தவர்களும் உண்டு, எதையும் பெறாமல் கையெழுத்துப் போட்டுத் தவித்தவர்களும் உண்டு. தொகையை இரண்டு தவணையாக்கி, கடைசித் தவணையை இறுதி விசாரணை நாளில் நீதிமன்றத்திலேயே கைமாற்றும்படி எழுதுவது நல்ல வழக்கறிஞரின் வேலை. நகை, பிள்ளையைப் பார்க்கும் நாள்கள், அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் கொடுத்த புகார், நடந்துகொண்டிருக்கும் ஜீவனாம்ச வழக்கு, இவை ஒவ்வொன்றுக்கும் மனுவிலேயே முடிவு எழுதியிருக்க வேண்டும்.

ஒருவர் மறுத்துவிட்டாலோ இந்தியாவிலும் கதை இலங்கையைப் போலத்தான். குற்றத்தை நிரூபிக்க ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டும். மீட்க முடியாதபடி முறிந்த திருமணத்தை அந்தக் காரணத்துக்காகவே கலைக்கும் அதிகாரம் அரசமைப்பின் 142ஆம் உறுப்பின் வழியே உச்ச நீதிமன்றத்துக்கு உண்டு என்று 2023இல் ஷில்பா சைலேஷ் வழக்கில் தீர்ப்பானது. ஆனால் மதுரைக் குடும்ப நல நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் இல்லை. திருமண முறிவையே விவாகரத்துக்கான காரணமாகச் சட்டத்தில் சேர்க்கச் சட்ட ஆணையம் 1978இலும் 2009இலும் பரிந்துரைத்தும் நாடாளுமன்றம் இன்னும் நிறைவேற்றவில்லை.

வாழ்வாதாரமும் பிள்ளையும்

விவாகரத்து முடியும்வரை பட்டினி கிடக்க வேண்டியதில்லை என்பதில் இரு நாடுகளும் ஒன்று. இலங்கையில் 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் தாபரிப்புக் கேட்கலாம். அந்தச் சட்டம் கணவன், மனைவி என்று பிரிக்காமல் வாழ்க்கைத்துணை என்றே பேசுகிறது. 18 முதல் 25 வயது வரையுள்ள பிள்ளைக்கும் அதில் இடமுண்டு. பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகனுக்கோ மகளுக்கோ இது பெரிய துணை. இந்தியாவில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 144ஆம் பிரிவாகியிருக்கிறது. 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்குக்குப் பின், சொத்தையும் கடனையும் வருமானத்தையும் பிரமாணப் பத்திரமாக இருவரும் தாக்கல் செய்ய வேண்டும். ஜீவனாம்சம் மனுப் போட்ட நாளிலிருந்தே கணக்காகும். ஆகவே ஊதியச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், கடன் பத்திரம் மூன்றையும் முதல் சந்திப்புக்கே கொண்டுபோவது நல்லது.

பிள்ளை விஷயத்தில் இரு நாடுகளின் சட்டங்களும் தந்தைக்கு முன்னிடம் கொடுத்து எழுந்தவை. இலங்கைக்கு ரோமன் டச்சுச் சட்டம் அப்படி. இந்தியாவுக்கு 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் சட்டம் அப்படி. இன்று இரு நாட்டு நீதிமன்றங்களும் பிள்ளையின் நலனையே அளவுகோலாகக் கொள்கின்றன. தாயும் இயல்பான பாதுகாவலரே என்ற வாசலை 1999இல் கீதா ஹரிஹரன் வழக்கு திறந்தது. பிள்ளையைப் பேரம்பேசும் பொருளாக்காத வழக்கறிஞரைத் தேர்ந்தெடுங்கள் என்பதுதான் இரு நாட்டுப் பெற்றோருக்கும் நான் சொல்லக்கூடிய முதல் அறிவுரை.

சொத்தில் யாழ்ப்பாணப் பெண்ணுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவளானால், சீதனக் காணி அவளுடையதே. ஆனால் 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி, திருமணம் நிலைத்திருக்கும்வரை கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் அதை விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது. வழக்குச் செலவுக்குத் தன் காணியை விற்க, தன்னைக் கைவிட்டவனிடமே கையெழுத்துக் கேட்பதா? அதே சட்டம், கைவிடப்பட்ட மனைவி மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி பெறலாம் என்கிறது. இதை அறிந்த சட்டத்தரணி கிடைத்தால் பாதிச் சுமை இறங்கும். தமிழ்நாட்டில் பெண்ணின் சீர்ப்பொருளும் நகையும் அவளுடைய தனிச்சொத்தே. ஆனால் கணவன் பெயரில் வாங்கிய வீட்டில் பங்கு தரும் பொதுவான சட்டம் எதுவும் இல்லை. இல்லத்தரசியின் உழைப்பும் சொத்துச் சேர்த்ததில் பங்கே என்று 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் கண்ணையன் நாயுடு வழக்கில் சொன்னது நம்பிக்கை தரும் தொடக்கம்.

யாரிடம் போவது, என்ன கேட்பது

இலங்கையில் ஒருகாலத்தில் புறக்கிராசி (proctor), அப்புக்காத்து (advocate) என்று இரு வகையினர் இருந்தார்கள். 1974 முதல் எல்லோரும் சட்டத்தரணிகளே. ஆனாலும் வழக்கில் பெயர் பதிந்த சட்டத்தரணி ஒருவர் இருப்பார். அவர் கையெழுத்தில்லாமல் பத்திரங்கள் செல்லாது. அவரை மாற்றுவதானால் முறைப்படி நீக்கிய பின்பே வேறொருவர் வரமுடியும். இலங்கை முஸ்லிம்களின் விவாகரத்தை விசாரிக்கும் காதி நீதிமன்றத்திலோ சட்டத்தரணிகள் முன்னிலையாக இடமே இல்லை. இந்தியாவின் 1984ஆம் ஆண்டுக் குடும்ப நல நீதிமன்றச் சட்டமும் வழக்கறிஞரை உரிமையாகக் கோர முடியாது என்கிறது. நடைமுறையில் அனுமதி பெற்று அவர்கள் வாதாடுகிறார்கள். ஆனால் நீதிபதி உங்களிடமே நேரில் கேட்பார், சமரச ஆலோசகரிடம் அனுப்புவார். அங்கே பேச வேண்டியது நீங்கள்தான்.

பணம் இல்லை என்பதற்காக யாரும் தயங்க வேண்டாம். இலங்கையில் 1978 முதல் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. இந்தியாவின் 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெண்ணின் வருமானம் எவ்வளவானாலும் இலவசச் சட்ட உதவிக்கு அவளுக்கு உரிமை உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்டால் போதும். எந்த நாட்டிலும் முதல் சந்திப்பில் நான்கு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். எந்தக் காரணத்தின் மேல் வழக்கு நிற்கும்? எந்த நீதிமன்றம்? அதுவரை என் செலவுக்கும் பிள்ளைக்கும் என்ன ஏற்பாடு? கட்டணம் மொத்தமா, தவணையா? இவற்றுக்குத் தெளிவான பதில் சொல்லாமல், 'பார்த்துக்கொள்ளலாம்' என்பவரிடம் கோப்பைக் கொடுக்காதீர்கள்.

நல்ல சட்டத்தரணியால் சட்டத்தின் குறையை ஓரளவு தாங்கிக்கொள்ள முடியும், நீக்க முடியாது. இலங்கை நாடாளுமன்றம் கண்டிய மக்களுக்கு 1952இலேயே கொடுத்ததை மற்றெல்லோருக்கும் கொடுக்க வேண்டும். இந்திய நாடாளுமன்றம் உச்ச நீதிமன்றத்தின் கையில் மட்டும் இருக்கும் அதிகாரத்தை, மனைவியின் பங்கையும் பிள்ளையின் வாழ்வையும் உறுதிசெய்யும் நிபந்தனைகளோடு, கீழமை நீதிமன்றங்களுக்கும் தர வேண்டும். செத்த திருமணத்தை முடித்துவைக்க ஒருவரைக் குற்றவாளியாக்கத் தேவையில்லை. அதை ஒப்புக்கொள்ளும் சட்டம் வந்தால், பழியைத் தேடுவதில் கரையும் ஆண்டுகளைப் பிள்ளைகளின் படிப்புக்கும் வளர்ப்புக்கும் திருப்பலாம்.