நால்வர் அடித்து ஒன்றைப் பொறுக்கும் ஆட்டம்

பீங்கான் தொழிலுக்குப் பேர்போன விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை செல்லும் சாலையிலுள்ள எங்கள் மங்கலம்பேட்டையில் கோல்ஃப் மைதானம் கிடையாது. 1895இல் தோன்றிய கொடைக்கானல் கிளப், உதகை, சென்னையில் நந்தனம் என நம் மாநிலத்தில் அவ்வாட்டத்துக்கு வாய்த்த புல்வெளிகள் எல்லாம் எங்களுக்குத் தூரமானவை. ஆயினும், சிநேகிதர் கூடி விநோதமாக ஆடும் 'ஸ்கிராம்பிள்' என்னும் வகையின் குணமும் குற்றமும் எங்கள் தெருப்பிள்ளைகளின் ஆட்டங்களிலும் காணக்கூடியவை ஆதலால், அதைப் பற்றி அபிப்பிராயம் கூற எங்களூர்க்காரனுக்கும் பாத்தியதை உண்டு.

முறை இதுதான்: நால்வரும் ஆளுக்கொரு பந்தை அடித்து, அவற்றுள் வாகாக விழுந்த ஒன்றைத் தேர்ந்து, மற்ற மூன்றையும் பொறுக்கி வந்து, அவ்விடத்திலிருந்தே நால்வரும் மறுபடி அடிக்க, பந்து குழியில் விழும்வரை இப்படியே ஆட்டம் நடக்கும். மூன்றில் ஓர் அடியை மட்டுமே ஒழுங்காக அடிக்கத் தெரிந்த நால்வர் சேர்ந்தால், ஐந்தில் நான்கு தடவை நல்ல அடி ஒன்றாவது வாய்த்துவிடும் என்பது கணக்கு. தனியே ஆடி வாழ்நாளில் எட்டாத குறைந்த அடி எண்ணிக்கை ஒரு காலைப்பொழுதில் கைகூடும் ரகசியம் இதுவே. அதை எவருடைய சொந்த ஹேண்டிகேப் (திறமைக் குறைவை ஈடுகட்டத் தரும் அடிச்சலுகை) கணக்கிலும் சேர்ப்பதில்லை என்பது நியாயம்தான்.

இதன் மேன்மை குழியருகில் விளங்கும். ஆறடி தூரத்தில் பந்து. முதலில் ஆடுபவன் நால்வரில் கற்றுக்குட்டி. அவன் தட்டிய பந்து மெல்ல இடப்புறம் சரிந்து குழியைத் தாண்டிவிட, பின்னால் நிற்கும் மூவரும் தரையின் சாய்வை அக்கணமே அறிந்துகொள்கிறார்கள். தவறிய அடிக்கும் ஒரு பிரயோஜனம் வாய்க்கிறது. எங்கள் சடுகுடுவிலோ தொடுபட்டவன் வெளியே உட்கார்ந்து, தன் கட்சி எதிராளியை வீழ்த்தும்வரை காத்திருக்க வேண்டும். அவனுடைய பிசகால் அவன் கட்சியில் எவருக்கும் லாபமில்லை.

ஆனால் குறை சிறிதன்று. பந்து கிடந்த இடத்திலிருந்தே ஆட வேண்டும் என்பது கோல்ஃபின் ஆதார தர்மம். புதருக்குள் போட்டவன் புதருக்குள்ளிருந்தே மீள வேண்டும் என்ற அந்தப் பரீட்சை இங்கே ரத்தாகிவிடுகிறது. அதனினும் கொடிது, எளியவன் ஒப்புக்குச் சப்பாணி ஆகிவிடுவது. கைதேர்ந்தவன் ஒருவன் இருந்துவிட்டால் ஒவ்வொரு முறையும் அவன் பந்தே எடுக்கப்படும்; மற்றவர்கள் அடித்ததும் பொறுக்கியதுமே மிச்சம். 2020இல் நடைமுறைக்கு வந்த உலக ஹேண்டிகேப் முறையும், நால்வர் அணிக்குச் சிபாரிசு செய்யும் சலுகையில், வல்லவனின் ஹேண்டிகேப்பில் 25 சதவீதம் தொடங்கி 20, 15 என இறங்கி, கடைசி ஆளுக்கு 10 சதவீதத்தையே எண்ணுகிறது. அவனால் அணிக்குக் கிடைப்பது சொற்பம் என்பதை இதைவிட நாசூக்காகச் சொல்ல முடியாது.

1927இல் தொடங்கிய ரைடர் கோப்பையில் இன்றும் ஆடப்படும் 'ஃபோர்ஸம்ஸ்' இதற்கு நேர்மாறு: இருவருக்கும் ஒரே பந்து, மாறி மாறி அடி, கூட்டாளி மணலில் தள்ளிய பந்தை எடுத்துவிட நாம்தான் இறங்க வேண்டும். சிநேகத்துக்குச் சோதனை என்றால் அதுவே சோதனை. ஆனால் முதல்முறை மட்டை பிடிப்பவனை அதில் இறக்கிவிடுவது கருணையாகாது.

ஆகவே என் கட்சி ஸ்கிராம்பிளின் பக்கமே, ஒரு நிபந்தனையோடு. 'டெக்ஸஸ்' ஸ்கிராம்பிளில் ஒவ்வொருவருடைய தொடக்க அடியும் இத்தனை தடவையேனும் எடுக்கப்பட்டாக வேண்டும் என்று ஒரு விதி வைப்பதுண்டு. ஆளுக்கு மூன்று என்று வைத்தால், வல்லவன் பந்தையே எடுத்து வந்த அணி, பதினேழாவது குழிக்கு வந்தபின் கற்றுக்குட்டியின் இரண்டு அடிகள் இன்னும் பாக்கி என்று கண்டு திகைக்கும். அன்றைய பந்தயம் முழுதும் அவன் மட்டையை நம்பி நிற்க, மற்ற மூவரும் அவனுக்கு வழிவிட்டு ஒதுங்குவார்கள்.