ஸ்கோப் பொருத்தினால் குறி தப்பாதா?

மந்தாரக்குப்பத்தில் எங்கள் தெருவில் குடியிருக்கும் கல்லூரி மாணவர் ஒருவர், சென்ற ஆண்டு ஒரு குட்டைக் காற்றுத் துப்பாக்கியுடன் என் வீட்டிற்கு வந்தார். மாலை வேளைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிச் சேர்த்த பணத்தில் அதையும், அதன்மேல் பொருத்தும் ஸ்கோப்பையும் வாங்கியிருந்தார். பத்து மீட்டர் போட்டியில் ஒரு நாளாவது நிற்க வேண்டும் என்பது அவர் ஆசை.

“சார், ஸ்கோப் இல்லாதபோது பத்துக்கு ஆறு குண்டு அட்டையில் பட்டது. ஸ்கோப் போட்ட பிறகு இரண்டுகூடப் படவில்லை. என் கண்தான் கெட்டுப்போய்விட்டதா?” என்று கேட்டார்.

பெட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “கருவி நன்றாகத்தான் இருக்கிறது. கை நடுங்கும், பழகப் பழகச் சரியாகிவிடும்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அளந்து பாராமல் தீர்ப்புச் சொல்வது ஓர் இயற்பியல் ஆசிரியன் செய்யக்கூடாத தவறு. இரண்டு வாரம் கழித்து அளந்து பார்த்தேன். குறை கண்ணிலும் இல்லை, கையிலும் இல்லை. அன்று கண்டதைத்தான் இங்கே உங்கள் முன் வைக்கிறேன்.

பெட்டி உரக்கச் சொல்லும் எண்

ஸ்கோப் பெட்டியின்மேல் 4×32 என்றோ 3-9×40 என்றோ பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். முதல் எண் உருப்பெருக்கம். இரண்டாவது எண், பொருளருகு வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். 3-9 என்றால் உருப்பெருக்கத்தை 3 முதல் 9 மடங்குவரை மாற்றலாம். எண் கூடக் கூடக் கருவி உயர்ந்தது என்பது கடைக்காரர் வாதம். இதை நாம் அப்படியே ஏற்கலாமா?

விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்துப் பாருங்கள். 32-ஐ 4-ஆல் வகுத்தால் 8. அதாவது கண்ணருகே வெளிவரும் ஒளிக்கற்றையின் விட்டம் 8 மில்லிமீட்டர். பகல் வெளிச்சத்தில் நம் கண்மணியின் துளையோ 2 முதல் 4 மில்லிமீட்டர்தான். ஆகவே பகலில் சுடுபவருக்கு இந்தச் சிறிய ஸ்கோப்பே தேவைக்கு மேல் ஒளி தருகிறது. உருப்பெருக்கம் கூடினால் குறி பெரிதாகத் தெரியும் என்பது உண்மை. ஆனால் கை நடுக்கமும் அதே அளவுக்குப் பெரிதாகத் தெரியும். துப்பாக்கிக் குழலின் தரமோ, ஈயக் குண்டின் தரமோ இதனால் இம்மியும் உயர்வதில்லை.

பெட்டி சொல்லாமல் விடும் எண்

ஆய்வகத்தில் நிறமாலைமானியைக் கையாண்டவர்களுக்கு இது நினைவிருக்கும். தலையைச் சற்று அசைத்தால் குறுக்குக் கம்பி பிம்பத்தின்மேல் நகரக் கூடாது. நகர்ந்தால் இடமாறு தோற்றப்பிழை இருக்கிறது என்று பொருள். பிம்பமும் கம்பியும் ஒரே தளத்தில் அமையாததே காரணம்.

ஸ்கோப்பிலும் இதே கதைதான். அதன் குறுக்குக் கம்பி ஏதேனும் ஒரு குறிப்பிட்ட தொலைவில் உள்ள பொருளுக்கே பிழையின்றிப் பொருந்துமாறு அமைக்கப்பட்டிருக்கும். பெரிய துப்பாக்கிகளுக்கான ஸ்கோப்புகளில் அந்தத் தொலைவு பெரும்பாலும் 100 கெஜம், அதாவது 91 மீட்டர். அதே ஸ்கோப்பை 10 மீட்டரில் பயன்படுத்தினால் எவ்வளவு பிழை வரும்? வில்லையின் ஆரம் 16 மில்லிமீட்டர். அதை 81/91 என்னும் பின்னத்தால் பெருக்குங்கள். ஏறத்தாழ 14 மில்லிமீட்டர். கண் நடுவிலிருந்து ஓரத்திற்கு விலகினால், கம்பி குறியின்மேல் நிற்பதுபோல் தோன்றும்போதே குண்டு 14 மில்லிமீட்டர்வரை தள்ளி விழக்கூடும். பத்து மீட்டர் போட்டி அட்டையிலுள்ள வளையங்களின் மொத்த விட்டமே 45.5 மில்லிமீட்டர்தான்.

மேலே சொன்ன 8 மில்லிமீட்டர் ஒளிக்கற்றையை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு வேண்டியது 3 மில்லிமீட்டர்; கிடைப்பது 8. ஆகவே கண் விலகினாலும் காட்சி மறைவதில்லை. பிழை நடந்துகொண்டிருக்கும், நமக்குத் தெரியாது. எங்கள் மாணவரின் ஸ்கோப் இத்தகையதே. எந்தத் தொலைவுக்குச் சரிசெய்யப்பட்டது என்னும் எண் அந்தப் பெட்டியில் எங்குமே இல்லை. என் முதல் கண்டனம் இதுதான். வாங்குபவர் அறிய வேண்டிய எண்ணை விட்டுவிட்டு, அவரை மயக்கும் எண்ணைப் பெரிதாக அச்சிடுகிறார்கள்.

முன்னும் பின்னும் உதைக்கும் துப்பாக்கி

சுருள்வில் காற்றுத் துப்பாக்கியில் விசையை இழுத்ததும் உள்ளே உள்ள உந்துதண்டு முன்னோக்கிப் பாய்கிறது. உந்த அழிவின்மை விதிப்படி துப்பாக்கி பின்னோக்கி நகர்கிறது. உந்துதண்டு அழுத்தப்பட்ட காற்றில் மோதி நின்றதும் துப்பாக்கி முன்னோக்கிக் குலுங்குகிறது. குண்டு குழலை விட்டு வெளியேறுமுன்பே இந்த ஆட்டம் தொடங்கிவிடுகிறது. துப்பாக்கியின் நிறை குறைந்தால் அசையும் வேகம் கூடும். ஆகையால் குட்டைத் துப்பாக்கியில் இந்தக் குலுக்கல் அதிகம்.

வெடிமருந்துத் துப்பாக்கிக்கான ஸ்கோப், பின்னோக்கிய உதையைத் தாங்கவே கட்டப்பட்டது. முன்னோக்கிய குலுக்கலில் அதன் வில்லைகளும் கம்பியும் தளரலாம். பிடிப்பான் மெல்ல மெல்ல நழுவலாம். முன்கூட்டியே காற்றடைத்த துப்பாக்கிகளில் இந்தத் தொல்லை இல்லை.

இன்னொரு குறையும் உண்டு. குழலை மடக்கிக் குண்டு போடும் வகையில், முன்குறியும் பின்குறியும் பெரும்பாலும் குழலின்மேலேயே இருக்கும். குழல் மூடும்போது மயிரிழை விலகினாலும் இரண்டு குறிகளும் அதனுடன் சேர்ந்தே விலகும். ஸ்கோப்போ பின்னால் உள்ள உருளையின்மேல் அமர்ந்திருக்கிறது. குழல் விலகியதை அது அறியாது. ஸ்கோப் இல்லாதபோது ஆறு, பொருத்திய பிறகு இரண்டு என்ற விந்தைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

இரண்டு கோடுகள்

பார்வைக் கோடு குழலுக்கு ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் மேலே செல்கிறது. குண்டு கீழிருந்து எழுந்து அக்கோட்டைத் தொட வேண்டும். குண்டின் வேகம் நொடிக்கு 200 மீட்டர் எனக் கொள்வோம். காற்றின் தடையை விட்டுவிட்டால், 20 மீட்டர் செல்ல 0.1 நொடி, அதற்குள் புவியீர்ப்பால் 49 மில்லிமீட்டர் இறங்கும். 20 மீட்டரில் குறி சரியாக இருக்குமாறு அமைத்தால், 10 மீட்டரில் குண்டு 8 மில்லிமீட்டர் தாழ்வாகவும், 5 மீட்டரில் 21 மில்லிமீட்டர் தாழ்வாகவும் விழும். குறி கிட்டத்தில் இருந்தால் தப்பாது என்று எண்ணுவது தவறு என்பது இதிலிருந்து விளங்கும்.

திருகியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு சொடுக்குக்குக் கால் அங்குலம் என்பது 100 கெஜத்திற்கான கணக்கு. 10 மீட்டரில் அது 0.7 மில்லிமீட்டர்தான். 30 மில்லிமீட்டர் உயர்த்த வேண்டுமானால் 40-க்கு மேற்பட்ட சொடுக்குகள் தேவை. எங்கள் மாணவர் ஐந்து சொடுக்குத் திருகிவிட்டு, திருகி வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டியிருந்தார்.

வாங்குமுன்னும் பொருத்தும்போதும்

பணம் கொடுக்குமுன் கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஸ்கோப்பை மேசைமேல் அசையாமல் வைத்து, பத்து மீட்டர் தொலைவில் உள்ள பெயர்ப்பலகை எழுத்தைப் பாருங்கள். ஸ்கோப்பைத் தொடாமல் தலையை மட்டும் மேலும் கீழும் அசையுங்கள். கம்பி எழுத்தின்மேல் நகர்ந்தாலும், எழுத்து மங்கலாகத் தெரிந்தாலும் அது உங்களுக்கு உரியதன்று. 10 மீட்டரிலிருந்து தொலைவைச் சரிசெய்யும் வளையம் உள்ளதும், சுருள்வில் துப்பாக்கிக்கு ஏற்றதென்று குறிக்கப்பட்டதுமான 4 மடங்கு ஸ்கோப் போதும். சூரியனை மட்டும் எந்த ஸ்கோப்பாலும் பார்க்காதீர்கள், கண் போய்விடும்.

காற்றுத் துப்பாக்கிகளில் பெரும்பாலும் 11 மில்லிமீட்டர் பள்ளமே இருக்கும். பிடிப்பானும் அதே அளவாக, நழுவாமல் தடுக்கும் முள்ளுடன் இருக்க வேண்டும். ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்தி, கன்னம் கட்டையில் இயல்பாகப் படியும்போது வட்டம் முழுவதும் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். கொத்தனார் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, துப்பாக்கியைச் சாயாமல் நிறுத்தி, அந்த நூலுக்கு நேராகக் குத்துக் கம்பியை அமையுங்கள். திருகாணிகளைக் காரின் சக்கரத்துக்கு முடுக்குவதுபோல எதிரெதிராக, சிறிது சிறிதாக முடுக்குங்கள். சுடும்போது துப்பாக்கியை இறுகப் பற்றாமல், ஒவ்வொரு முறையும் ஒரே விதமாகத் தாங்குங்கள்.

ஏற்கெனவே தவறான ஸ்கோப்பை வாங்கிவிட்டவர்கள் என்ன செய்வது? கறுப்பு அட்டையில் 12 மில்லிமீட்டர் துளையிட்டு, அதன் நடுவும் வில்லையின் நடுவும் ஒன்றாக இருக்குமாறு முன்னால் ஒட்டுங்கள். ஆரம் 6 மில்லிமீட்டராகிவிட்டது. பிழையும் 14-லிருந்து ஏறத்தாழ 5 மில்லிமீட்டராகச் சுருங்கும். கண்ணுக்கு வரும் கற்றை 3 மில்லிமீட்டர். பகலில் அதுவே போதும். ஆனால் தளர்ந்த கம்பியையும் நழுவும் பிடிப்பானையும் இந்த அட்டை சரிசெய்யாது.

சிறு துளையின் பெருமை

2008-இல் பெய்ஜிங்கில் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றார். 2019-இல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த உலகக் கோப்பையில் இளவேனில் வாலறிவன் தங்கம் வென்றார். அவர் பிறந்தது நம் கடலூரில். அந்தப் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதியே இல்லை! சிறு துளை வழியே பார்க்கும் குறிகளைக் கொண்டு, 0.5 மில்லிமீட்டர் மையப் புள்ளியைக் குறிவைக்கிறார்கள். நம் கறுப்பு அட்டையின் தத்துவமும் அந்தத் துளையின் தத்துவமும் நெருங்கிய உறவினர்கள். எங்கள் மாணவர் எந்தப் போட்டிக்காகப் பணம் சேர்த்தாரோ, அந்தப் போட்டியிலேயே தடுக்கப்பட்ட ஒரு கருவியை அவரிடம் விற்றிருக்கிறார்கள். இது என் இரண்டாவது கண்டனம்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட குழலோ, 20 ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றலோ உடைய காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும். அரை கிராம் குண்டு 200 மீட்டர் வேகத்தில் 10 ஜூல் ஆற்றல் கொண்டது; ஒரு கண்ணைப் போக்க அதில் சிறு பங்கே போதும். அட்டைக்குப் பின்னால் மணல் மூட்டையும் சுவரும் இல்லாத இடத்தில் சுடாதீர்கள். காட்டுப் பறவைகளை வேட்டையாடுவது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

மாணவர் இப்போது ஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டார். மணல் மூட்டைக்கு முன் வெறும் குறிகளோடு பழகுகிறார். சென்ற வாரம் பத்துக்கு எட்டு அட்டையில் பட்டது. அவர் கண்ணில் ஒரு குறையும் இல்லை. இதை நான் முதல் நாளே அளந்து சொல்லியிருந்தால், இரண்டு வாரம் அவர் தன்னையே ஐயுற்றுக்கொண்டிருக்க மாட்டார்.